பீச்சாங்கைப் பக்கம் கடல்

கிரெனடா தீவில் வேனில் ஏறுகிறவர் முதலில் உள்ளே இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். காலி இடம் தேடுவதும் பையை மடியில் வைத்துக்கொள்வதும் அதற்குப் பிறகுதான். நான் உட்கார்ந்த பிறகே இதை அறிந்தேன். பதினைந்து பேர் அமரும் வேனில் பதினெட்டாவது ஆளாக ஏறி, வழியில் மடித்து வைத்திருந்த ஒரு பலகை இருக்கையை இழுத்துப் போட்டு அமர்ந்தபோது, எனக்குப் பின்னால் இருந்த அம்மையார் பக்கத்தில் இருந்தவரிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மழைக்கு ஒதுங்குற ஆடு கூட ஒரு சத்தம் குடுத்துட்டுத்தான் உள்ள வருது."

வேன் சிரித்தது. நான் எழ முடியாத நிலையில் முடிந்தவரை திரும்பி, "அனைவருக்கும் காலை வணக்கம்" என்றேன். "காலை வணக்கம்" என்று பதினேழு குரல்கள் ஒன்றாகத் திரும்பி வந்தன. முப்பத்தாறு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் நடத்தியிருக்கிறேன். எந்த வகுப்பும் எனக்கு இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில், திருவாடானையிலிருந்து தொண்டி போகும் பேருந்தில் ஏறி ஒருவர் இப்படி எல்லோருக்கும் வணக்கம் சொன்னால், தேர்தலுக்கு நிற்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த அம்மையார் பேசியது அத்தீவின் ஆங்கிலம். ஆனால் அத்தீவு மக்கள் பேசுவதை நான் முதன்முதலில் கேட்டது என் மனைவி மீனாட்சியின் வாய்வழியாக. இரண்டரை ஆண்டுகளுக்கு முன், எங்கள் மகள் கயலின் பேறுகாலத்துக்காக அவள் இங்கே வந்து ஆறு மாதம் இருந்தாள். கயல் இங்குள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பிக்கிறாள். தொலைபேசியிலும், ஊர் திரும்பிய பின் பல மாதங்களும், தான் கண்ட மனிதர்களை மீனாட்சி எனக்குப் பேசிக் காட்டிக்கொண்டே இருந்தாள். அவள் வாயில் அவர்கள் எல்லோரும் திருவாடானைத் தாலுகாத் தமிழே பேசினார்கள். இப்போது அவர்களை நேரில் கேட்டும் என் காது மாறவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையிலும் அவர்களை அப்படியே பேச விடுகிறேன்.

அவள் வந்தபோது நான் வரவில்லை. என் பாடநூலின் மூன்றாம் பதிப்பு அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. அவள் ஒன்பது மாதங்களுக்கு முன், மாசியில், காலமானாள். நான் இப்போது வந்திருப்பது ஒரு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க.

வெள்ளை எனாமல் கிண்ணம், விளிம்பில் நீலக்கோடு, இறுக்கமான மூடி. மேற்குக் கரையில் குயாவ் என்னும் மீன்பிடி ஊரில் ஐவி என்ற பெண்மணி மீனாட்சிக்கு அதில் மீன் வடை கொடுத்திருக்கிறார். அவள் ஊருக்குக் கிளம்பிய அவசரத்தில் அது பெட்டிக்குள் போய்விட்டது. எங்கள் வீட்டு அலமாரியில் அது இருந்த காலம் முழுவதும் அவள் அதில் ஒரு கடுகு கூடப் போட்டு வைத்ததில்லை. அடுத்த வீட்டுப் பாத்திரம் என்பாள். ஐவியை அவள் மதினி என்றே சொல்வாள். முறைப்படி பார்த்தால் எனக்குத் தெரியாமலேயே எனக்கு ஓர் அக்காவை அவள் ஏற்படுத்தியிருந்தாள். மருத்துவமனையில் அவள் என்னிடம் கடைசியாக ஒப்படைத்த வேலையும் இதுதான்: "ஐவி மதினி கிண்ணத்தக் குடுத்துருங்க. வெறுங்கிண்ணமாக் குடுத்துறாதீக."

சாயல்குடியிலிருந்து சுக்கு போட்ட சில்லுக் கருப்பட்டி வாங்கி அதை நிரப்பிக்கொண்டு வந்தேன். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி மூடியைத் திறந்து முகர்ந்து, இது சோப்பா, மருந்தா என்று கேட்டார். ஒரு மரத்திலிருந்து எடுக்கும் சர்க்கரை என்றேன். "மரம் ஏறியா எடுக்குறீக?" என்று கேட்டுவிட்டு, அதை எடுப்பவனே நான்தான் என்பதுபோல் என் முழங்காலைப் பார்த்து அனுப்பி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காரில் அழைத்துப் போவதாகக் கயல் சொன்னாள். மீனாட்சி வேனில்தான் போயிருக்கிறாள். நானும் வேனில் போகிறேன் என்றேன்.

"அய்யா, அம்மா எல்லாருகிட்டயும் வழி கேக்கும். நீங்க கேக்க மாட்டீக."

"வரைபடம் இருக்கிறது."

"செவப்பு வேன் அய்யா. மறந்துறாதீக" என்றாள்.

தலைநகரின் வேன் நிலையத்தில் பதினோரு சிவப்பு வேன்கள் நின்றன. யாரையும் கேட்காமல் முதலாவதில் ஏறினேன். ஆட்டோடு ஒப்பிடப்பட்டது அதில்தான்.

எங்கள் மாவட்டத்தில் சாலை நேராகப் போகும். சன்னலில் பார்த்தால் சீமைக் கருவேலமும், அதைத் தாண்டி அடுத்த ஊர்க் கண்மாய்க் கரையும் தெரியும். இறங்கும் இடம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே அந்த இடம் கண்ணில் பட்டுவிடும். இங்கே சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார்; எதிரே வந்தவரும் அழுத்தினார்; இருவரும் நிறுத்தி நலம் விசாரித்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கி என் இருக்கைக்கு அடியில் இருந்தது. பாட்டின் தாளம் என் கடைவாய்ப் பற்களில் கேட்டது. வழியில் மேகம் படிந்த ஓர் ஏரி வந்தது. சாலையோரம் ஒரு குரங்கு உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தது. இராமேசுவரத்துக் குரங்காக இருந்தால் அந்நேரம் சன்னல் வழியாக என் கிண்ணத்தை எடுத்துப் போயிருக்கும். இது எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் வேன் ஒரு கடற்கரையில் நின்றது. நடத்துநரிடம், "குயாவில் சந்தை எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அண்ணே, குயாவு மேக்க இருக்கு. நீங்க தீவுக்குக் கிழக்க வந்து நிக்கிறீக. அதென்ன, வழி பூரா வாயே தொறக்கல? பேசுனா எங்க வேன்ல துட்டு கெடையாதே."

அந்த ஊர் கிரென்வில். பசி நேரம். இந்தியாவிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் வழித்தோன்றல் ஒருவர் நடத்தும் கடையில் ரொட்டி சாப்பிட்டேன். நம் பரோட்டாவுக்குத் தூரத்து உறவு; உள்ளே உருளைக்கிழங்கும் கோழியும் எலும்போடு பொதிந்திருந்தன. சால்னா கிடையாது. கடித்ததும் எலும்பு பல்லில் பட்டது. கடைக்காரர் மகிழ்ச்சியாக, "எலும்பு இருந்தாத்தான் கோழின்னு நம்புவாக" என்றார்.

அங்கே உட்கார்ந்துதான் என் கைப்பேசியில் மீனாட்சியின் குரல்பதிவுகளைத் திறந்தேன். அந்த ஆறு மாதத்தில் அவள் எனக்கு நாற்பத்து மூன்று பதிவுகள் அனுப்பியிருந்தாள். அப்போது அவற்றின் முதல் சில நொடிகளைக் கேட்டுவிட்டு, ‘சரி’ என்று பதில் எழுதினேன். மாசிக்குப் பிறகு அவற்றைத் தொடவில்லை. குயாவ் பற்றியது ஒன்பதாவது பதிவில் இருந்தது.

"ஏங்க, கேட்டுக்கங்க. பின்னால நீங்க வந்தா ஒதவும். ஏறுனதும் குட் மார்னிங் சொல்லணும், மறந்துறாதீக. செவப்பு வேனு நெறைய நிக்கும், குயாவான்னு கேட்டு ஏறுங்க. பீச்சாங்கைப் பக்கம் கடலு கூடவே வரும். கடல விட்டுட்டு மலை ஏறுச்சுன்னா வேற வேன்ல ஏறிட்டீகன்னு அர்த்தம். எறங்கணும்னா மேக்கூரையில தட்டணும். விசிலு கெடையாது. வெக்கப்படாமத் தட்டுங்க, என்ன?"

ஒன்பதாவது பதிவை இரண்டு முறை கேட்டேன். பிறகு அதற்கு முந்தைய எட்டையும் வரிசையாகக் கேட்டேன். கடைக்காரர் கேட்காமலேயே இன்னொரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

திரும்பும் வேனிலும், தலைநகரில் மாறிய தெற்கு வேனிலும் வணக்கம் சொல்லி ஏறினேன். ஆனால் கூரையில் தட்டக் கை எழவில்லை. ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதற்கே நான் இருமுறை யோசிப்பவன். எனக்குரிய நிறுத்தம் போனது, அடுத்ததும் போனது. மூன்றாவதில் வேறொருவர் தட்டினார். அவரோடு நானும் இறங்கி, ஒன்றரை மைல் நடந்து வீடு சேர்ந்தேன். கயல் என் செருப்பிலிருந்த தூசியைப் பார்த்தாள். வெந்நீர் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள், குயாவா என்று கேட்டு ஏறினேன். நடத்துநர் நாற்பது வயது மதிக்கத்தக்க டெஸ்மண்ட் என்பவர். ஏறும்போது, "குட் மார்னிங்" என்றேன். முந்திய நாள் முழுவதும் மீனாட்சியின் குரலைக் கேட்டிருந்ததால், அவள் சொல்லும் ராகத்தில் அது வந்துவிட்டது. முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தியவளின் ராகம் அது. முதல் சொல்லில் ஏறி, இரண்டாவதில் நீண்டு இறங்கும்.

முன்னிருக்கையில் மடியில் சீமைப்பலாக்காயோடு இருந்த முதியவர் சடாரென்று திரும்பினார். "இது டீச்சர் சொல்ற குட் மார்னிங்குல்ல?"

டெஸ்மண்ட் என் முகத்தையும் மடியிலிருந்த கிண்ணத்தையும் பார்த்தார். "அண்ணே, நீங்க டீச்சர் வீட்டுக்காரரா? புத்தகம் எழுதுறவுக?"

ஆமாம் என்றேன்.

"டீச்சர் எப்படி இருக்காக?"

"நன்றாக இருக்கிறாள்" என்றேன்.

எங்கள் ஊரில் தெருவில் எதிர்ப்படுகிறவர் நலம் கேட்டால், மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருப்பவர் கூட நல்லா இருக்கோம் என்றுதான் சொல்வார். நின்று பேச நேரமும் இடமும் அமைந்தால்தான் உண்மை வெளியே வரும். கேள்வி முடியும் முன்பே பதில் வாயில் வந்து நிற்கும். எனக்கும் அப்படித்தான் வந்து நின்றது. திருத்துவதற்கு நான் வாயைத் திறந்தபோது வேன் முழுவதும் கைதட்டிக்கொண்டிருந்தது.

டெஸ்மண்ட் சன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தள்ளி, சாலையோரம் தேங்காய் விற்றவரிடம் கத்தினார்: "ஏலே, டீச்சர் வீட்டுக்காரரு வந்திருக்காரு! டீச்சர் நல்லா இருக்காகளாம்!"

தேங்காய்க்காரர் கத்தியைத் தூக்கி ஆட்டினார். அதன்பின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் பொய் எனக்கு முன்னால் இறங்கிப் போனது. ஏறியவர்கள் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டே ஏறினார்கள். மழைநாளில் மீனாட்சி தன் குடையை ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்ததையும், நிறுத்தச் சொல்லி அவள் தட்டிய தட்டில் கூரையின் உறை பிய்ந்ததையும், அந்த இடத்தை இன்னும் தைக்காமல் வைத்திருப்பதையும் எனக்குச் சொன்னார்கள். பிய்ந்த இடத்தைக் காட்டவும் செய்தார்கள். நான் தலையை உயர்த்திப் பார்த்தேன். இடப்பக்கம் கடல் கூடவே வந்தது. எங்கள் பாக்கு நீரிணையைப் போல அது சும்மா கிடக்கும் கடல் அல்ல. ஆனால் நீலம் அதே நீலம்.

குயாவை மூக்கால்தான் முதலில் அறிந்தேன். சாதிக்காய் உலர்த்தும் கிடங்கு ஒன்று அங்கே இருக்கிறது. அதன் மணமும் மீனின் வாடையும் கலந்து வந்தன. மீன்வாடை மட்டும் தனியாக வந்திருந்தால் எங்கள் கரையோரத் திருப்பாலைக்குடியில் இறங்கிவிட்டதாகவே நினைத்திருப்பேன். கரையில் சங்கு ஓடுகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. எங்கள் கரையில் ஓட்டைத்தான் விலைக்கு எடுப்பார்கள். இங்கே சதையைக் குழம்பு வைத்துவிட்டு ஓட்டை வீசுகிறார்கள்.

ஐவியின் கடை பூட்டியிருந்தது. பக்கத்தில் சங்குக்கறி விற்றவர் சொன்னார்: "எங்கன போனீக இவ்வளவு நாளா? அவ வடக்க அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. நாளைக்கு மதியம் வந்துருவா. டீச்சர் நல்லா இருக்காகன்னு இப்பத்தான் சேதி வந்துச்சு. போன் போட்டுச் சொல்லிட்டேன்."

ஒரு மணி நேரத்தில் என் பொய் நான்கு ஊர் தாண்டிவிட்டது. சங்குக்கறிக்காரர் உப்பிட்டு உலர்த்திய மீனை வதக்கி, பூரி போலப் பொரித்த ஒரு பண்டத்துக்குள் வைத்துத் தந்தார். கருவாடும் பூரியும் சேரும் என்று நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. நன்றாகவே சேர்ந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். திரும்பும் வேனில், டீச்சர் எப்போது வருவார் என்று ஒருவர் கேட்டார். அடுத்த முறை என்றேன். அது இரண்டாவது பொய்.

இரவுச் சாப்பாட்டின்போது கயலிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் மகனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எப்படிய்யா அப்படிச் சொன்னீக?"

"சொன்னேன். அவ்வளவுதான்."

மகன் வாயில் ஒரு கவளம் ஊட்டிவிட்டு, "நானும் காலேஜுல யாருகிட்டயும் சொல்லல" என்றாள். "லீவு கேக்கையில குடும்ப விசயம்னுதான் எழுதுனேன். இன்னும் எங்க டிபார்ட்மெண்டு கிளார்க்கு, அம்மா சொகமான்னு கேக்குது." பிறகு நிமிர்ந்து, "நாளைக்கு அந்தம்மாகிட்டச் சொல்லிருவீகளா? இல்ல நான் வரவா?" என்றாள்.

நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பது மாதங்களாக ஊரில் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தச் செய்தியை ஒரு மனிதரிடம் என் வாயால் நான் ஒரு முறை கூடச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் சந்தை நாள். வந்த வேன்கள் எல்லாம் வாழைத்தாரும் ஆட்களுமாக நிரம்பி வந்தன. ஒரு டாக்சியில் இன்னும் இருவரோடு சேர்ந்து ஏறினேன். வணக்கம் சொன்னேன். ஓட்டுநர் அறுபதைத் தாண்டிய பெண்மணி. கண்ணாடியில் ஜெபமாலையும் எலுமிச்சங்காயும் தொங்கின. எங்கள் வண்டிகளிலும் எலுமிச்சை தொங்கும் என்று சொல்லத் தொடங்கினேன்.

"ச்சு, இருங்க" என்று கையை உயர்த்தினார்.

வானொலியில் ஓர் இசை நின்று, ஒரு குரல் மரண அறிவித்தல் வாசிக்கத் தொடங்கியது. வண்டியில் யாரும் பேசவில்லை. இறந்தவரின் பெயர், அவர் எந்த மேட்டைச் சேர்ந்தவர், எந்தச் செல்லப் பெயரால் நன்கு அறியப்பட்டவர், வயது, பிறகு உறவுகள். பிள்ளைகள், அவர்களில் நியூயார்க்கில் இருப்பவர்கள், இலண்டனில் இருப்பவர்கள், பேரப்பிள்ளைகள், ஞானப்பிள்ளைகள், அண்டை வீட்டார், மீன் சந்தையில் உடன் விற்றவர்கள். மூன்று வளைவுகள் முடிந்தும் பட்டியல் முடியவில்லை.

"எல்லாப் பேரையும் வாசிக்கிறார்களே" என்றேன், முடிந்த பிறகு.

"ஒரு பேரு விட்டுப்போனாலும் சாவு வீட்டுல சண்டைதான்" என்றார் ஓட்டுநர். "எங்க சித்தி செத்தப்ப எம்பேர விட்டுட்டாக. நான் நாலு வருசம் பேசல."

எங்கள் ஊரில் இதே சண்டை ஃபிளெக்ஸ் பலகையில் நடக்கும். மீனாட்சிக்குப் பேருந்து நிலைய முனையில் வைத்த பலகையில் அவள் தம்பி மகன் படம் இல்லை என்று பெரிய வாக்குவாதம் நடந்ததாகச் சொன்னார்கள். நான் அந்தப் பலகையைப் பார்க்கவில்லை. அது இருந்த ஒரு மாதமும் கடைக்குச் சுற்றுவழியில் போய்வந்தேன்.

மடியிலிருந்த கிண்ணத்தின் மூடியைச் சரிபார்த்துக்கொண்டேன். கடல் இடப்பக்கம் வந்தது.

ஐவி கடை வாசலில் நின்றிருந்தார். உயரமானவர், அகன்ற தோள்கள், இடுப்பில் இரு கைகள். "வாங்க, டீச்சர் வீட்டுக்காரரே!" என்று தெருவுக்கே கேட்கும்படி அழைத்தார். "ஒரு புத்தகம் எழுதி முடிக்க ரெண்டரை வருசமா? அதுக்குள்ள நாங்க ஒரு சர்ச்சே கட்டிட்டோம்!"

கொக்கோவைக் காய்ச்சி, பட்டையும் சாதிக்காயும் போட்ட பானம் கொடுத்தார். டெஸ்மண்ட் இருந்தார், சங்குக்கறிக்காரர் இருந்தார், சீமைப்பலாக்காய் முதியவர் இன்று வெறுங்கையோடு வந்திருந்தார். மேசை மேல் ஒரு துணிப்பை. அதிலிருந்து ஐவி ஒரு மஞ்சள் ஓலைத் தொப்பியை எடுத்தார். அகன்ற விளிம்பும் வெள்ளை நாடாவும். "இது டீச்சருக்கு. ஞாயித்துக்கெழமத் தொப்பி. நானே பின்னுனது. பொறுப்பாக் கொண்டு போய்ச் சேக்கணும்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன். வானொலிக் குரல் எப்படித் தொடங்கியதோ அப்படியே தொடங்கினேன்.

"திருவாடானையைச் சேர்ந்த மீனாட்சி, டீச்சர் என்று நன்கு அறியப்பட்டவர், சென்ற மாசி மாதத்தில் காலமானார். வயது அறுபத்து நான்கு. அவருக்குக் கணவர் இருக்கிறார். மகள் கயல், மருமகன், பேரன். திருவாடானையில் ஒரு தம்பி, தம்பி மகன். முப்பத்து நான்கு ஆண்டுகள் அவரிடம் எழுத்துப் படித்த பிள்ளைகள். கிரெனடாவில், குயாவ் வேனில் உடன் பயணம் செய்தவர்கள். குயாவ் கரையில், மதினி ஐவி."

மதினி என்ற சொல்லைத் தமிழிலேயே சொன்னேன். அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை, ஐவிக்கும் தேவைப்படவில்லை. டெஸ்மண்ட் தம் தொப்பியைக் கழற்றினார். அலை வந்து சங்கு ஓடுகளில் மோதித் திரும்பும் சத்தம் கேட்டது.

ஐவி மெதுவாக உட்கார்ந்தார். நான் பொய் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும் என்றேன்.

"எனக்கு நேத்தே தெரியும்" என்றார். "நல்லா இருக்காகன்னு போன்ல சொன்னாக. சந்தோசமாத்தான் இருந்துச்சு. அப்புறம், கிண்ணத்த அவரு கொண்டாந்திருக்காருன்னாக. ஏம்ப்பா, தெம்பா இருக்குறவ அந்தக் கிண்ணத்த வேற ஆளு கையில குடுத்து விடுவாளா? நீந்தியாவது வந்திருப்பாளே."

"பிறகு ஏன் தொப்பி..."

"நான் நெனச்சது பொய்யாப் போகட்டும்னுதான் எடுத்து வச்சேன்."

கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி மூடியைத் திறந்தார். ஒரு சில்லை எடுத்து முகர்ந்தார், கடித்தார், கண்ணை மூடிக்கொண்டு மென்றார். "இதத்தான் சொன்னாளா! எங்க கொக்கோவக் குடிச்சுட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா சீனியப் போட்டுக் கெடுத்துட்டீக, எங்கூருல ஒண்ணு இருக்கு, கொண்டாந்து காட்டுறேன் பாருன்னா." இரண்டு சில்லை நொறுக்கிப் பானையில் போட்டுக் கிளறி, எல்லோருக்கும் ஊற்றினார். முதியவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "டீச்சர் சொன்னது சரி" என்றார். எனக்கும் ஊற்றினார். உண்மையிலேயே சரி.

பிறகு அவர்கள் அழுதார்கள், சற்று நேரம், கூச்சமில்லாமல். அழுது முடித்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். மீனாட்சி ஒருமுறை நடத்துநரின் வாய்க்கணக்குத் தப்பு என்று வேனை நிறுத்தி, டெஸ்மண்டைப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல வைத்தாளாம். "சொன்ன பிறகுதான் எறங்கினாக" என்றார் டெஸ்மண்ட். "இப்பவும் தூக்கத்துல சொல்லுவேன்." சொல்லியும் காட்டினார். பதினாறு ஏழில் தடுமாறினார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

கிளம்பும்போது ஐவி கருப்பட்டியைத் தம் பாத்திரத்துக்கு மாற்றி, கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, நிறைய மீன் வடை வைத்து மூடி என் கையில் கொடுத்தார். இது உங்களுடைய கிண்ணம், திருப்பித் தரத்தான் வந்தேன் என்றேன்.

"தந்துட்டீகல்ல? வாங்கிட்டேன். இது இன்னைக்கு நான் குடுக்குறது." மஞ்சள் தொப்பியை எடுத்து, நான் தடுக்கும் முன், என் தலையில் வைத்து நாடாவை இழுத்துவிட்டார். "டீச்சருக்குன்னு செஞ்சது. இப்போதைக்கு உங்க தலையில இருக்கட்டும். வெயிலும் அடிக்குதுல்ல."

எழுபது வயதில், வெள்ளை நாடா கட்டிய மஞ்சள் தொப்பியோடு சிவப்பு வேனில் ஏறினேன். "குட் ஆஃப்டர்நூன்" என்றேன். எல்லோரும் தாழ்ந்த குரலில் பதில் சொன்னார்கள். செய்தி எனக்கு முன்பே ஏறியிருந்தது. யாரும் தொப்பியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பாட்டு நிறுத்தப்பட்டிருந்தது. ஒரு பெண்மணி சர்க்கரையில் புரட்டிய புளி உருண்டை ஒன்றை என் கையில் வைத்தார். மூன்று ஊர்கள் அப்படியே கடந்தன. அந்த வேனில் இயந்திரச் சத்தத்தை நான் கேட்டது அன்றுதான். அதன் நிலை கவலைக்குரியதாக இருந்தது.

"டெஸ்மண்ட்" என்றேன். "பாட்டைப் போடுங்கள். அவள் நாற்பது பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தியவள். சத்தம் இல்லாவிட்டால் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்து பார்ப்பாள்."

டெஸ்மண்ட் என்னைப் பார்த்தார். பிறகு ஓட்டுநரின் தோளில் தட்டினார். இருக்கைக்கு அடியிலிருந்து தாளம் எழுந்து என் கடைவாய்க்கு வந்தது. முன்னிருக்கையில் ஒருவர் பாடத் தொடங்கினார். கடல் இப்போது சோத்தாங்கைப் பக்கம் வந்தது. ஒன்பதாவது பதிவில் திரும்பும் வழியைப் பற்றி எதுவும் இல்லை. அதை நானாகவே கண்டுகொள்ள வேண்டியிருந்தது.

அன்று தலைநகரோடு நிற்காமல் வேன் தெற்கே கயல் வீட்டுச் சாலை வரைக்கும் வந்தது. டெஸ்மண்ட் அப்படி முடிவு செய்துவிட்டார். நிறுத்தம் நெருங்கியதும் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். உறை பிய்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், மூன்று முறை, சற்றுப் பலமாகவே தட்டினேன்.

கயல் வாசலில் நின்று தொப்பியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன் என்றேன். அவள் தலையசைத்து, கிண்ணத்தை வாங்கி மூடியைத் திறந்தாள்; கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வடையை எடுத்துக் கடித்தாள்.

"கிண்ணத்தத் திருப்பிக் குடுக்கத்தானே போனீக? மறுபடி கொண்டாந்திருக்கீக. இத வெறுங்கிண்ணமாக் குடுக்க முடியாதே அய்யா. அடுத்த தடவ போகையில என்னத்த வச்சுக் குடுக்குறது?"

எனக்குச் சமைக்கத் தெரியாது. ஐவி மதினிக்கு நம் பண்டங்களில் எது பிடிக்கும் என்பதும் தெரியாது. ஆனால் கைப்பேசியில் இன்னும் முப்பத்து நான்கு பதிவுகள் கேட்கப்படாமல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் அவள் சொல்லியிருப்பாள். தொப்பியைக் கழற்றாமலேயே உட்கார்ந்து, பத்தாவதைத் திறந்தேன்.